ஒரு கிட்டங்கிக்கு இரண்டு சாவி

புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்த காலத்தில் நமது ஊர்க் கடைகளின் கல்லாப் பெட்டியில் இரண்டு வகைக் காசு இருந்தது. ஒன்று, எங்கும் செல்லும் ஆங்கிலேயர் காசு. மற்றொன்று நமது சீமைக்கே உரிய அம்மன் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள் உருவம், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்ற எழுத்து. ஓர் அணாவுக்கு 20 அம்மன் காசு. 1948 மார்ச் 3-ம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. அம்மன் காசும் பழங்காசு சேர்ப்பவர் கைக்குப் போய்விட்டது. நமது பாட்டனார் காலத்து வியாபாரிகள் வெளியூர்க் கொள்முதலுக்கு எது, உள்ளூர்ச் சில்லறைக்கு எது என்று அறிந்து, இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து, கணக்குப் பிசகாமல் வியாபாரம் செய்தார்கள்.

இந்தப் பழங்கதை எதற்கு என்று கேட்கலாம். நமது கடைக் கம்ப்யூட்டரிலும் அப்படி இரண்டை ஒரே பெட்டியில் வைக்க முடியும். நாம் வைத்திருக்கிறோம். அதனால் கண்ட லாபத்தையும், பட்ட சிரமத்தையும் நமது சங்க உறுப்பினர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் பள்ளிப் படிப்போடு மண்டிக்கு வந்தவர்கள். கம்ப்யூட்டர் படித்தவர்கள் அல்ல. ஆகவே நமக்குப் புரிந்த அளவில், வியாபாரி பாஷையிலேயே சொல்கிறோம்.

ஒரு மார்ச் மாதக் கடைசி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச் மாதக் கடைசி வாரம். ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம். காலையில் மின்சாரம் போய் வந்தது. மீண்டும் போய் வந்தது. யுபிஎஸ் பேட்டரி செத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அடுத்த வாரம் மாற்றலாம், அடுத்த வாரம் மாற்றலாம் என்று தள்ளிப்போட்டது நமது குற்றம். மூன்றாவது முறை மின்சாரம் வந்தபோது கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. திரையில் நீல நிறம், ஏதோ ஆங்கில வாசகம், மறுபடி அணைந்து மறுபடி அதே வாசகம்.

பில் போடும் பெண் பதறிப் போனார். "முதலாளி, பற்று வரவு எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு" என்றார். நமக்கும் அடிவயிறு கலங்கியது. ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கி, திருமயம், பொன்னமராவதி என்று பல ஊர்களின் சில்லறை மளிகைக் கடைகள் நம்மிடம் பருப்பு, புளி, மிளகாய், மல்லி வாங்குகின்றன. பாதிக்கு மேல் கடன் சரக்கு. யார் யார் எவ்வளவு பாக்கி என்ற கணக்கு அந்தப் பெட்டிக்குள் இருந்தது. கையால் எழுதும் பேரேட்டை நிறுத்தி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. பென் டிரைவில் கடைசியாக நகல் எடுத்தது தீபாவளி சமயத்தில்.

பழுது பார்க்க வந்தவர் பார்த்துவிட்டு, "ஃபார்மட் அடிச்சுத்தான் ஆகணும். உள்ளே இருக்கிறதுக்கு உத்தரவாதம் கிடையாது" என்றார். அவர் தொழிலில் அது வழக்கமான பேச்சாக இருக்கலாம். நமக்கோ, தீபாவளிக்குப் பின் நடந்த வியாபாரம் முழுவதையும் துடைத்துவிடச் சொல்வதுபோல் இருந்தது. ஒவ்வொரு கடைக்காரரையும் கூப்பிட்டு, "நீங்கள் எங்களுக்கு எவ்வளவு தரவேண்டும், நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்கும் நிலை ஒரு மொத்த வியாபாரிக்கு வரலாமா?

தங்கை மகனின் பென் டிரைவ்

அன்று மாலை நமது தங்கை மகன் வந்தார். "மாமா, ஃபார்மட் மட்டும் பண்ண விடாதீங்க. ஒரு பத்து நிமிஷம் கொடுங்க" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துச் செருகினார். கம்ப்யூட்டரைப் போட்டதும் ஒரு பொத்தானை அழுத்தினார். சற்று நேரத்தில் திரை எழுந்தது. ஆனால் நாம் பார்த்துப் பழகிய திரை அல்ல. வேறு நிறம், வேறு படம். அதில் நமது ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தார். கணக்கு ஃபோல்டர் அப்படியே இருந்தது! அதை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு, "சரக்கு பத்திரமா இருக்கு மாமா. சாவி வச்சிருந்தவர்தான் படுத்துட்டார்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் நமக்கு விஷயம் விளங்கிவிட்டது. கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் என்பது கிட்டங்கி. நமது கணக்கு அதில் உள்ள சரக்கு. ஆப்பரேட்டிங் சிஸ்டம் எனப்படும் இயங்குதளம், சாவி வைத்திருக்கும் மேனேஜர். நம்மில் பெரும்பாலோர் கடையில் அந்த மேனேஜர் விண்டோஸ். மேனேஜர் படுத்துவிட்டால் கிட்டங்கி எரிந்துவிட்டது என்று பொருள் அல்ல. இன்னொருவரிடம் சாவி இருந்தால் திறந்து சரக்கை எடுக்கலாம். தங்கை மகன் கொண்டுவந்தது அந்த இரண்டாவது சாவி. அதற்குப் பெயர் லினக்ஸ்.

ஆனால் ஒன்று. டிஸ்க்கே பழுதாகியிருந்தால், கிட்டங்கியே எரிந்த கதைதான். எந்தச் சாவியாலும் பயன் இல்லை. நமக்கு அன்று அதிர்ஷ்டம்.

இது நமது மாவட்டத்துக்குப் புதிதல்ல

இதை எங்கே கற்றாய் என்று கேட்டோம். அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் என்றார். தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸும், பாஸ் என்ற லினக்ஸும் ஒன்றாகவே வந்தன. போட்டவுடன் எது வேண்டும் என்று திரையில் இரண்டு பெயரைக் காட்டும். அம்புக்குறியை நகர்த்தித் தேர்ந்தெடுக்க வேண்டும். இதைத்தான் டூயல் பூட் என்கிறார்கள். நமது மாவட்டத்துக் கிராமப் பள்ளிப் பிள்ளைகள் வரை அந்தத் திரையைப் பார்த்திருக்கிறார்கள். பலர் அந்த இரண்டாவது பெயரைத் தொட்டதே இல்லை. சிலர் இடம் வேண்டும் என்று அதை அழித்துவிட்டார்கள். தங்கை மகன் தொட்டுப் பார்த்தவர்.

பாஸ் என்பது பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி, 2007-ல் வெளியிட்டது. டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் வேலை செய்யும். அதே காலத்தில், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, தமிழக அரசின் எல்காட் நிறுவனமும் தன் கம்ப்யூட்டர்களில் லினக்ஸைக் கொண்டுவந்தது. 2014 ஏப்ரல் 8-ம் தேதியோடு விண்டோஸ் எக்ஸ்பி-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நிறுத்தப்படும் என்று வந்தபோது, அரசு அலுவலகங்களைப் பாஸ் பக்கம் போகும்படி தமிழக அரசு 2013-ல் சொன்னது.

லினக்ஸின் மூலம் பின்லாந்து. 1991-ல் ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கி வைத்தார். உலகெங்கும் பலர் சேர்ந்து வளர்த்தார்கள். உபுண்டு, லினக்ஸ் மின்ட், பாஸ் எல்லாம் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். இவற்றை விலை கொடுக்காமல் பெறலாம். எத்தனை கம்ப்யூட்டரில் வேண்டுமானாலும் போடலாம். திருட்டு நகல் என்ற பயம் இல்லை.

கடைக்காரருக்கு என்ன லாபம்?

முதல் லாபம், மேலே சொன்ன இரண்டாவது சாவி.

இரண்டாவது, வைரஸ் பயம் குறைகிறது. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற வைரஸ் உலகம் முழுவதும் விண்டோஸ் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகளே தடுமாறின. இத்தகைய வைரஸ்களில் பெரும்பாலானவை விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. 'உங்கள் பில் இணைப்பில் உள்ளது' என்று வரும் தெரியாத மெயிலைத் திறக்கும் வேலை, பேங்க் வேலை, ஜி.எஸ்.டி. இணையதள வேலை ஆகியவற்றை லினக்ஸில் வைத்துக்கொண்டால், கணக்கு இருக்கும் விண்டோஸுக்கு அந்தக் காற்று குறைவாகவே படும். ஆனால் ஃபோனில் ஓ.டி.பி. கேட்டு ஏமாற்றுபவனுக்கு எந்த இயங்குதளமும் ஒன்றுதான். அங்கே நமது வாய்தான் பூட்டு.

மூன்றாவது, பழைய கம்ப்யூட்டருக்கு ஆயுள் கூடுகிறது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ம் தேதியும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ம் தேதியும் வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு முதலியவை வேண்டும் என்பதால் பல பழைய பெட்டிகள் அதற்குத் தகுதி பெறுவதில்லை. நன்றாக ஓடும் பெட்டியை எடைக்குப் போடுவானேன்? லினக்ஸ் மின்ட்டுக்கு 4 ஜிபி மெமரி இருந்தால் சௌகரியம். 2 ஜிபி-யிலும் ஓடும். இடம் குறைந்தது 20 ஜிபி வேண்டும். 100 ஜிபி ஒதுக்கினால் நெருக்கடி இல்லை.

என்ன ஆகாது?

லாபத்தை மட்டும் சொல்லி நட்டத்தை மறைப்பது வியாபார தர்மம் அல்ல. நம்மில் பலர் பயன்படுத்தும் டேலி, விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. லினக்ஸில் அதை ஓட்டச் சுற்று வழிகள் உண்டு என்கிறார்கள். கடைக் கணக்கைச் சுற்று வழியில் விடுவதற்கு நமக்குத் துணிவில்லை. ஆகவே நமது மண்டியில் பில்லும் கணக்கும் இன்றும் விண்டோஸில்தான்.

பிரிண்டரும் அப்படியே. சில பில் பிரிண்டர்கள் லினக்ஸில் உடனே வேலை செய்யும். சில முரண்டு பிடிக்கும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருப்போரும் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு நல்ல வசதி உண்டு. ஹார்ட் டிஸ்க்கில் எதையும் மாற்றாமல், பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். மூட்டையில் குத்தூசி போட்டு மாதிரி பார்த்துச் சரக்கு எடுப்பது போல.

இரண்டு இயங்குதளமும் ஒரே நேரத்தில் ஓடாது என்பதையும் கவனிக்க வேண்டும். மாற வேண்டுமானால் அணைத்துப் போட வேண்டும். கடையில் கூட்டம் நிற்கும்போது அது நடக்கிற காரியமா? நமது வழக்கம், பகல் முழுவதும் விண்டோஸ். இரவு கல்லா கட்டியபின் அரை மணி நேரம் லினக்ஸ். மெயில், பேங்க், ஜி.எஸ்.டி. வேலைகள் அப்போது முடியும்.

ஏப்ரல் முதல் தேதி பட்ட பாடு

ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பகுதியைப் பிரித்து லினக்ஸைப் போட்டது மார்ச் 30-ம் தேதி. 31-ம் தேதி இரவு லினக்ஸில் பேங்க் வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போனோம். ஏப்ரல் 1-ம் தேதி விடியற்காலை லாரி வந்தது. ஐந்து மணிக்குள் சரக்கு இறக்கி, நேராக எடுத்துச் செல்ல வந்திருந்த வெளியூர்க் கடைகளுக்கு விண்டோஸில் பில் போட்டோம். ஆறு பில் போட்ட பிறகுதான் பில் போடும் பெண் கவனித்தார். "முதலாளி, தேதி நேத்து தேதியா இருக்கு!"

பார்த்தால், கம்ப்யூட்டரில் மணி இரவு 11-க்கு மேல், தேதி மார்ச் 31. ஆறு பில்லும் முந்திய நிதியாண்டுக் கணக்கில் விழுந்துவிட்டன! பில் எண் வரிசை, வரிக் கணக்கு, ஆண்டு இறுதி இருப்பு மூன்றும் ஒரே வீச்சில் கெட்டுவிடும். ஆறையும் ரத்து செய்து, சரியான தேதியில் மீண்டும் போட்டோம். லாரிக்காரரும் கடைக்காரர்களும் ஒரு மணி நேரம் காத்து நின்றார்கள்.

காரணம் பிறகு தெரிந்தது. கம்ப்யூட்டருக்குள் ஒரு சிறு கடிகாரம் இருக்கிறது. அதில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் அதில் கிரீன்விச் நேரத்தை வைக்கும். நமக்கும் கிரீன்விச்சுக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். இரவு லினக்ஸ் வைத்துவிட்டுப் போன நேரத்தைக் காலையில் விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று நம்பியது. இன்டர்நெட் இணைப்பு இருந்திருந்தால் பிறகு தானே திருத்திக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் இணைப்பு இல்லை. இரண்டு கணக்கப்பிள்ளைகளை வேலைக்கு வைத்துவிட்டு, ஒருவர் தமிழ்த் தேதியிலும் ஒருவர் ஆங்கிலத் தேதியிலும் எழுதுவதைக் கவனிக்காமல் விட்ட கதை. லினக்ஸில் உள்கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்கும்படி ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் தீர்ந்தது. அன்று முதல் அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் காலையில் முதல் பில்லுக்கு முன் தேதியைப் பார்ப்பது நமது கடையில் விளக்கேற்றுவது போல ஒரு வழக்கமாகிவிட்டது.

போடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

நாம் பட்டறிந்தவற்றையும், விவரம் தெரிந்தோர் சொன்னவற்றையும் இங்கே தருகிறோம்.

1. முதல் வேலை, கணக்கு முழுவதையும் வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து, அதை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்ப்பது. திறந்து பார்க்காத நகல், எண்ணிப் பார்க்காத பணக்கட்டு.

2. டிஸ்க்கில் இடம் பிரிக்கும் வேலையை விண்டோஸின் உள்ளேயே, டிஸ்க் மேனேஜ்மென்ட் வழியாகச் செய்து, காலி இடத்தை மட்டும் லினக்ஸுக்குக் கொடுக்க வேண்டும். 'டிஸ்க் முழுவதையும் அழித்துப் போடவா' என்று கேட்கும் இடத்தில் தவறி ஆம் என்று சொல்லிவிடக் கூடாது.

3. பிட்லாக்கர் என்ற பூட்டு போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவி எண்ணைத் தாளில் எழுதிப் பெட்டகத்தில் வைக்க வேண்டும். அது இல்லாமல் போனால் சொந்தக் கணக்கே நமக்குத் திறக்காது.

4. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதியை நிறுத்த வேண்டும். அது இருந்தால் அணைத்த பின்னும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸ் அதன் பகுதியில் எழுதினால் ஃபைல்கள் கெட வாய்ப்புண்டு.

5. லினக்ஸிலிருந்து விண்டோஸ் பகுதியை அவசரத்துக்கு மட்டும் திறக்க வேண்டும். தினமும் திறந்து வைத்தால், தனித்தனியாக வைத்ததன் பயன் போய்விடும்.

6. இரண்டு பெயர் காட்டும் திரை திடீரென்று ஒரு நாள் வராமல் போகலாம். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பின், இப்படி இரட்டையாக வைத்திருந்த பல கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் எழ மறுத்தது. பதற வேண்டாம், சரிசெய்ய வழி உண்டு. அதற்காகவே லினக்ஸ் பென் டிரைவ் ஒன்று எப்போதும் கல்லாவில் இருக்கட்டும்.

7. இந்த வேலையை மார்ச், ஏப்ரல் மாதங்களிலும், தீபாவளி, பொங்கல் சமயங்களிலும் செய்யக் கூடாது. நாம் செய்து மாட்டிக்கொண்டோம். ஆடி மாதம் நல்ல மாதம், வியாபாரம் மந்தம்.

சாவியை நம்பி இருப்பை மறக்கலாகாது

கடைசியாக ஒன்று. இரண்டு இயங்குதளம் இருக்கிறதே, இனி நகல் எதற்கு என்று நினைப்பது பெரும் பிழை. இரண்டும் ஒரே டிஸ்க்கில்தான் குடியிருக்கின்றன. 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் அடித்தபோது நமது மாவட்டத்தில் என்ன நடந்தது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டோம். தென்னை போயிற்று, ஓடு போயிற்று, பல ஊர்களில் வாரக் கணக்கில் மின்சாரம் இல்லை. கூரை வழியாகத் தண்ணீர் இறங்கினால் கம்ப்யூட்டருக்குள் இரண்டு சாவி இருந்தென்ன, பத்து சாவி இருந்தென்ன? ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். அதிகாரி கேட்கும்போது புயலைக் காட்டித் தப்ப முடியாது.

ஆகவே நமது மண்டியில் இப்போது மூன்று ஏற்பாடு. கம்ப்யூட்டரில் இரண்டாவது இயங்குதளம். சனிக்கிழமைதோறும் வெளி டிஸ்க்கில் ஒரு நகல். அது வீட்டுப் பீரோவில். மாதக் கடைசியில் ஊர்வாரியாகப் பாக்கிப் பட்டியல் தாளில் அச்சிட்டு, பழைய பேரேடு இருந்த அதே அலமாரியில். யுபிஎஸ் பேட்டரியும் மாற்றியாகிவிட்டது என்று சொல்லத் தேவையில்லை.

நமது சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். சங்க அலுவலகத்தில் லினக்ஸ் போட்ட பென் டிரைவ் இரண்டு வாங்கி வைக்கலாம். இலவச லேப்டாப் வாங்கிப் படித்த பிள்ளைகள் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்களில் விவரம் தெரிந்த இருவரை அழைத்து, ஒரு ஞாயிறு பிற்பகல் செய்து காட்டச் சொல்லலாம். உறுப்பினர் ஒருவரின் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால், ஃபார்மட் செய்யுமுன் சங்கத்துக்கு ஒரு ஃபோன் செய்யும் வழக்கம் வரட்டும். பென் டிரைவின் விலை சில நூறு ரூபாய். அதற்குள் திரும்பக் கிடைப்பது ஒரு கடையின் பற்று வரவு. அந்தப் பற்று வரவுக்குப் பின்னால் நிற்பது நம்மை நம்பிக் கடன் வாங்கியவரும், அவரை நம்பிக் கொடுத்த நாமும்.

கீரமங்கலம் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் அந்த ஏப்ரலில் பாக்கி கட்ட வந்தார். கம்ப்யூட்டர் கெட்ட செய்தி அவர் காதுக்கும் போயிருந்தது. மடியிலிருந்து தம் கையால் எழுதிய சிறு நோட்டை எடுத்தார். "உங்க கணக்கு போயிருந்தா இதைப் பார்த்துக்கலாம்னு கொண்டு வந்தேன் அண்ணாச்சி" என்றார். இரண்டையும் ஒத்துப் பார்த்தோம். ஒரு ரூபாய் வித்தியாசம் இல்லை. கம்ப்யூட்டருக்கு எத்தனை சாவி வைத்தாலும், நமது வியாபாரத்தின் முதல் சாவி எது என்பதை அன்று அந்தச் சிறு நோட்டில் கண்டோம்.

வாழ்க வணிகம்! வளர்க வணிகர் ஒற்றுமை!